பைபாஸில் இறங்குகிறவர்கள்

பூந்தமல்லியில் பேருந்து நின்றதுமே நடத்துனர் படியில் நின்றபடி குரல் கொடுத்தார்: "வேலூர் மட்டும் ஏறுங்க. சுங்குவார்சத்திரம், வாலாஜா எதுவும் நிக்காது." ஏற வந்த கூட்டத்தில் பாதி பின்வாங்கியது. பூக்கூடையைப் படியில் தூக்கி வைத்திருந்த ஓர் அம்மாள் அதை மறுபடி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பேருந்தின் முகப்பில் 'பைபாஸ் ரைடர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நானும் அந்த வண்டியை விட்டுவிட்டு, எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் பேருந்துக்காக அந்த அம்மாளோடு காத்திருந்தேன். எந்த ஊரில் வண்டி நிற்கிறது, எந்த ஊரைத் தாண்டிப் போகிறது, நின்ற இடத்தில் யார் ஏறுகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன்.

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பெங்களூரு போகும் இந்தச் சாலை, தங்க நாற்கரச் சாலையின் ஒரு துண்டு. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைத்து 5,846 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட அந்தச் சாலைத் திட்டத்தின் வேலை 2001இல் சூடுபிடித்தது. அது தொழிலுக்கு என்ன செய்தது என்று எஜாஸ் கனி, ஆர்த்தி குரோவர் கோஸ்வாமி, வில்லியம் கெர் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாற்கரச் சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வரும் மாவட்டங்களில், வேலை தொடங்கிய பத்தாண்டுகளில் ஆலை உற்பத்தி சராசரியாக 49 விழுக்காடு கூடியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. 10 முதல் 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த மாவட்டங்களில் அப்படி ஒரு வளர்ச்சி தென்படவில்லை. அந்தப் பத்துக் கிலோமீட்டர் என்ற கணக்கு வெகுநாளாக என் மனதை விட்டு நீங்கவில்லை. பதினோராவது கிலோமீட்டரில் இருப்பவர் செய்த குற்றம் என்ன?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் முதல் காரை வெளியே அனுப்பியபோது நாற்கரச் சாலை இல்லை. துறைமுகத்துக்கு அருகே நிலம், மின்சாரம், அரசுச் சலுகை எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன. சாலை பின்னால் வந்து, அதைச் சுற்றி உதிரிபாக ஆலைகளை நெருக்கமாக உட்கார வைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். பிறகு வேறு நிறுவனங்கள் வந்தன. இன்று சுங்குவார்சத்திரம் வட்டாரத்திலிருந்து ஐபோன் உலகம் முழுக்கப் போகிறது. சாலை மட்டும் அங்கேயே இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் சாலையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கண்ணாடியில் ஒட்டிய தாள்களைப் படித்துக்கொண்டே நடந்தேன்: ஆரணி, செய்யாறு, அரக்கோணம், சோளிங்கர். கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறிய பெண்களில் ஒருத்தி ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் என்றாள். "போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். பஸ்லயே தூங்கிடுவேன் அக்கா. ஹாஸ்டல்ல சேர்ந்திருக்கலாம், அம்மா ஒத்துக்கல." அவள் ஊர் பெரிய சாலையிலிருந்து வெகு தூரம். ஆனால் அந்தத் தெருமுனைவரை கம்பெனி பஸ் போகிற அளவுக்குத் தார்ச்சாலை இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் கணக்கில் உற்பத்தி காஞ்சிபுரம் மாவட்டத்தில் பதிவாகிறது. சம்பளம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போகிறது. மாவட்ட எல்லை வைத்துச் சாலையின் பலனை அளக்கும்போது இது விட்டுப்போகிறது.

அங்கிருந்து வாலாஜா வரை சாலை இன்னும் வேலை முடியாத சாலை. ஆறுவழியாக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்தது. மேம்பாலம் கட்டுமிடங்களில் எல்லா வண்டியும் பக்கச் சாலைக்குத் திரும்பி, குழியில் இறங்கி ஏறுகிறது. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, சாலை இந்த நிலையில் இருக்கும்போது மதுரவாயல், வாலாஜாபேட்டைக்கு இடைப்பட்ட சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மக்கள் சார்பில் நீதிமன்றம் சொன்ன மிக நியாயமான வார்த்தை அது.

ஒரு டீக்கடையில் நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சென்னைக்கு இரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் லோடுக்காகக் காத்திருந்தார். "ரோடு நல்லாருந்தா டீசல் மிச்சம், டயர் மிச்சம்னு சொல்லுவாங்க. அது நெசந்தாங்க. ஆனா அதவிட பெருசு, எப்பப் போய்ச் சேருவோம்னு சொல்ல முடியறது. பார்ட்டி போன் பண்ணி எத்தன மணிக்கு வருவீங்கன்னு கேட்டா, இந்த ரோட்ல என்னத்தச் சொல்றது? ஓடற வண்டிக்கு டீசல் செலவுங்க. நிக்கற வண்டிக்கு டியூ செலவுங்க."

வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது என்கிறார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இரண்டுமே ஓர் அடி சாலைகூடப் புதிதாகப் போடவில்லை. ஆனால் அவரைக் கேட்டால், ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் ராத்திரியெல்லாம் வரிசையில் கிடந்த காலம் போனதுதான் தன் தொழிலில் கண்ட பெரிய மாற்றம் என்கிறார். ஒரு வண்டி மாதத்துக்கு இத்தனை நடை என்ற கணக்கு, தாரின் தரத்தால் மட்டும் மாறுவதில்லை.

வாலாஜாபேட்டையைத் தாண்டினால் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து இந்த வாலாஜா ரோடு நிலையத்துக்குத்தான் வந்தது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகிற எந்த வழிக்கும் இந்த ஆற்றங்கரை வாகான தடம். ரயிலும் சாலையும் அதையே பிடித்துக்கொண்டன. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் இங்கே வேர்விட்டதற்கு ஆற்றுத் தண்ணீரும், பதனிட உதவிய ஆவாரம்பட்டையும், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் வழியும் ஒன்றுசேர்ந்து காரணம்.

ஆம்பூரில் நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டே போகிறது. பேருந்து நிலையத்திலிருந்து சாலையைக் கடந்தால் பிரியாணிக் கடைகள். காலையில் அவை திறப்பதற்கு வெகு முன்பே, மாதனூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆலங்காயம் பக்கமிருந்து வேன்களும் டவுன் பஸ்களும் பெண்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. இங்குள்ள ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'அப்பர்' என்று சொல்லும் ஷூவின் மேல்பாகம் அவர்கள் கையில்தான் உருவாகிறது. வெட்டுவது, பிசின் தடவுவது, தைப்பது என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நகரும் வேலை. வரிசையில் நாலு பேர் வராவிட்டால் அன்றைய கணக்கே குறைந்துவிடும். அதனால் ஆலங்காயத்துச் சாலையில் ஒரு தரைப்பாலம் மழையில் மூழ்கினால் அதன் சேதம் ஆம்பூர் ஆலையின் உற்பத்திப் பலகையில் அன்று மதியமே தெரிந்துவிடும்.

ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் என்னைத் தன் அலுவலக வாசலில் உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். கப்பலில் சரக்கு ஏற்ற 'கட்-ஆஃப்' நேரம் ஒன்று உண்டு. அதற்குள் கண்டெய்னர் துறைமுக வாசலுக்குள் நுழைந்தாக வேண்டும். தவறினால் அடுத்த கப்பல். வெளிநாட்டுக் கடையில் அந்த ஷூ விற்பனைக்கு வரவேண்டிய பருவம் முடிந்துவிடும் என்றால் வாங்குபவர் காத்திருக்கமாட்டார். சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார். அந்த ஒரு செலவில் ஆர்டரின் லாபம் முழுக்கப் போய்விடும். "ஆம்பூர்ல இருந்து மதுரவாயல் வரைக்கும் எங்க கணக்கு தப்பாது. மதுரவாயல்ல இருந்து ஹார்பர் கேட் வரைக்கும்தான் தெரியாது. அதுக்காக அரை நாள் முன்னாடியே வண்டிய எடுத்துடுவோம்." பக்கத்திலிருந்தவர் அவரைத் திருத்தினார்: "அரை நாள் இல்ல, ஒரு நாள்னு எழுதச் சொல்லு."

மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு உயர்மட்டச் சாலை போட 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. கூவத்தில் எழுப்பிய தூண்கள் பத்தாண்டு மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்குப் பாலமாக மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தமே சுமார் 20 கிலோமீட்டர்தான். அந்த 20 கிலோமீட்டர் இல்லாததற்காக, 180 கிலோமீட்டர் தொலைவில் ஆம்பூரில் ஒரு டிரெய்லரும் ஒரு ஓட்டுநரும் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். சாலைப் பின்னலில் எங்கேயோ ஓரிடத்தில் இருக்கும் முடிச்சு அதோடு தொடர்புடைய எல்லா ஊரையும் பிடித்து இழுக்கிறது. திட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, இத்தனை கிலோமீட்டர் முடித்தோம் என்று எண்ணிக்கை சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பாலாற்றைப் பார்க்காமல் ஆம்பூரை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. மணல் அள்ளிய பள்ளங்களும் கருவேலமும்தான் ஆறு. தோல் கழிவு இந்த மண்ணையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சாட்சி. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த அந்த வழக்கில்தான் மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மக்களுக்கு இழப்பீடு தரவும் ஆற்றைச் சீர்படுத்தவும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சாலை வழியாக வெளியே போன ஒவ்வொரு ஜோடி ஷூவின் விலையிலும் இந்த ஆற்றின் விலை சேர்க்கப்படவில்லை. வட்டார உற்பத்தித்திறன் என்று நாம் பேசும்போது வட்டாரம் என்பதில் ஆறும் அடக்கம்.

வாணியம்பாடியில் பெரிய சாலையை விட்டு இறங்கி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனேன். ஏற்றத்தில் காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரைகள் மரங்களுக்கு நடுவே தெரிகின்றன. அதைத் தாண்டி ஜமுனாமரத்தூர். வழியெல்லாம் பலா, புளி, சாமைக் கொல்லைகள். நெடுஞ்சாலையிலிருந்து தூரம் அதிகமில்லை. ஆனால் அங்கே பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மணிக்கணக்கு.

கிராமச் சாலைகளைப் பற்றியும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் உள்ள குடியிருப்புகளுக்குச் சாலை போடும் இலக்கோடு வந்தது. சாலை கிடைத்த ஊர்களையும் கிடைக்காத ஊர்களையும் சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இருவர் ஒப்பிட்டு 2020இல் எழுதினார்கள். சாலை போட்டு நாலு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போவது தெளிவாகத் தெரிகிறது. விளைச்சலிலோ வருமானத்திலோ வீட்டுச் சொத்திலோ பெரிய மாற்றமில்லை. இந்த முடிவைக் காட்டிச் சிலர் கிராமச் சாலையே வீண் செலவு என்கிறார்கள். அது சரியல்ல என்பதற்கான பதிலை மலையில் புளி உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எனக்குச் சொன்னார்.

"முன்ன புளிய மூட்ட கட்டி தலையில வெச்சு எறக்குவோம். இப்ப ஏவாரி வண்டி வூட்டாண்டயே வந்துருது. கழுத்து வலி இல்ல. வெல மட்டும் அவரு சொல்றதுதான், அது மாறல. சாமையும் அப்புடித்தான், உமியோட கீழ போவும். கடையில அரிசியா மறுக்கா வாங்கணும்." மகன் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார். "பஸ்ஸு இருக்கங்காட்டி மாசம் ஒரு தபா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போறான்."

சாலை வந்ததும் சுமக்கும் கூலி மிச்சமானது, ஆனால் அது வியாபாரியின் கணக்கில் சேர்ந்தது. மலையிலேயே சாமையை உமி நீக்கும் இயந்திரமும், புளியை அடுத்த விலை வரும்வரை வைத்திருக்க ஒரு கிடங்கும், விலை கேட்டு வருபவர்கள் இரண்டு பேராவதும் சேர்ந்தால்தான் அந்த மிச்சம் அவருடைய வீட்டில் தங்கும். சாலை அவற்றுக்கு முன்நிபந்தனை. அவை இல்லாதபோது சாலையை மட்டும் குற்றம் சொல்வது, நெல்லை அறுக்காமல் விட்டுவிட்டு விதையைக் குறை சொல்வது போல.

வேலை தேடி இறங்கும் மலைக்காரர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதும் சாலை மட்டும் தீர்மானிப்பதில்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை செம்மரம் வெட்டியதாகச் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். உள்ளூரில் ஒரு கௌரவமான கூலி இருந்திருந்தால் அவர்கள் அந்த வண்டியில் ஏறியிருக்கமாட்டார்கள்.

இன்னும் ஒன்று. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டுக்கு அருகே அல்லேரி மலை. 2023 மே மாதம் அங்கே அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையடிவாரத்துக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே ஏற வழியில்லாமல் இறக்கிவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு சுமார் 10 கிலோமீட்டர் நடந்தார். தேசிய நெடுஞ்சாலையும் ஏற்றுமதி ஆலைகளும் இருக்கிற ஒரு மாவட்டத்தில், இந்த நூற்றாண்டில் நடந்தது. அந்தக் குடியிருப்புக்குச் சாலை போட்டால் ஒட்டுமொத்த உற்பத்தி எத்தனை விழுக்காடு கூடும் என்று கேட்பது எனக்கு முறையற்ற கேள்வியாகப் படுகிறது. போட்டுத்தான் ஆக வேண்டும். பலனைப் பிறகு அளந்துகொள்ளலாம்.

கிருஷ்ணகிரி மாங்காய்க்குப் பேர்போன ஊர். பெங்களூரா என்று இங்கே சொல்லும் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குத்தான் போகிறது. வடக்கே போகும் 44ஆம் எண் சாலையும் சென்னையிலிருந்து வரும் 48ஆம் எண் சாலையும் இங்கே சேர்கின்றன. நாட்டிலேயே இதைவிட வசதியான சந்திப்பு அமைவது கடினம். அப்படியும் 2025இல் விலை அடிமட்டத்துக்குப் போய், பறிக்கும் கூலிக்கே கட்டாது என்று விவசாயிகள் மரத்திலேயே விட்டார்கள். அந்த ஜூன் மாதம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட நிர்வாகம், தன் விவசாயிகளைக் காப்பதற்காக, வெளிமாநிலக் கிளிமூக்கு மாங்காய் உள்ளே வரத் தடை போட்டது. ஆலைகள் அங்கே, மாங்காய் இங்கே, நடுவில் அருமையான சாலை. ஒரு மாங்காய் வியாபாரி மண்டி வாசலில் நின்று சொன்னார்: "வண்டி போறதுக்கு ரெண்டு மணி நேரம். பர்மிஷனுக்கு எத்தன நாளோ." நாலு நாளில் பழுத்து அழுகும் பொருளுக்கு அது மூடிய கதவுதான்.

சூளகிரி அருகே ஒரு பொழுது சாய்ந்த வேளையில் பேருந்து என்னைப் பைபாஸிலேயே இறக்கிவிட்டது. ஊர் எதிர்ப்பக்கம். என்னோடு இறங்கிய இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கீரைக்கட்டோடு ஒரு பாட்டியும் நடுத்திட்டு வரை ஓடி, நின்று, மறுபடி ஓடினார்கள். சுரங்கப்பாதை வெகு தூரம் தள்ளி இருந்தது, விளக்கு இல்லை. நெடுஞ்சாலையில் மிச்சமாகும் நிமிடங்களின் விலையைத் துல்லியமாகக் கணக்குப் போட்டுத்தான் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். அந்தப் பாட்டி சாலையைக் கடக்கப் பிடித்த நேரமும், பட்ட பயமும் அந்த அறிக்கையில் ஏறவேண்டும்.

ஓசூர். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அசோக் லேலண்ட், டைட்டன் என்று வந்த பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள் முளைத்தன. பெங்களூரு அருகில், நிலமும் கூலியும் பெங்களூருவைவிட மலிவு என்பதே ஆதாரமான கணக்கு. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் ஒரு சிறு பட்டறையில் நாலு சிஎன்சி இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உரிமையாளர் கோவைப் பக்கத்துக்காரர். "முன்னெல்லாம் ஷெட்டுல பாதி எடம் ராடுதானுங்க. மழை, பந்த், ரோடு ரிப்பேரு, எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி அடுக்கி வெச்சுக்குவோம். லைன் நின்னா நம்ம பேரு போயிரும். இப்ப போன் பண்ணா மறுநாள் வந்துருது. அந்த எடத்துலதான் இந்த ரெண்டு மெஷினு போட்டேன்."

இதையே சௌகதோ தத்தா என்ற பொருளியலாளர் 2012இல் எண்ணாகச் சொன்னார்: நாற்கரச் சாலை சீரடைந்த நகரங்களில் இருந்த ஆலைகள், தாங்கள் கையிருப்பாக வைத்திருந்த மூலப்பொருளை 6 முதல் 12 நாள் உற்பத்திக்கான அளவு குறைத்துக்கொண்டன. ஒரு பட்டறைக்காரருக்கு அத்தனை நாள் சரக்கு என்பது வங்கியிலோ வட்டிக்காரரிடமோ வாங்கிய பணம். அது விடுபட்டால் இயந்திரமாகிறது. பத்துக் கிலோமீட்டருக்குள் உற்பத்தி ஏன் கூடியது என்பதற்கு நான் இந்த வழியில் கண்ட மிகத் தெளிவான விடை அந்த ஷெட்டின் காலியான மூலைதான்.

அவர் அடுத்துக் கேட்டது புதிய விரைவுச்சாலையைப் பற்றி. ஸ்ரீபெரும்புதூரையும் ஹொஸ்கோட்டையையும் இணைத்து சுமார் 260 கிலோமீட்டருக்குப் போடப்படும் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை வாலாஜாபேட்டை, சித்தூர் மாவட்டம், கோலார் தங்கவயல் என்று வடக்கே ஒதுங்கிப் போகிறது. கர்நாடகப் பகுதியில் 2024 இறுதியிலிருந்தே வண்டிகள் ஓடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் எதுவும் அதன் தடத்தில் இல்லை. நினைத்த இடத்தில் ஏறவும் இறங்கவும் முடியாத சாலை அது. பைக்கோ ஆட்டோவோ அதில் ஏற முடியாது. சீனாவில் பெருநகரங்களை இணைக்கப் போட்ட நெடுஞ்சாலைகளைப் பற்றி பெஞ்சமின் ஃபேபர் 2014இல் எழுதிய ஆய்வு இங்கே முக்கியமானது. வழியில் சாலை தொட்ட சிறு வட்டாரங்களில், தொடாத வட்டாரங்களைவிடத் தொழில் வளர்ச்சி மந்தமானது என்று அவர் கண்டார். பெருநகரத்துச் சரக்கு மலிவாக வந்து இறங்கியதும், சிறு ஊர் ஆலைகளால் அதோடு போட்டியிட முடியவில்லை.

நம் பாலாற்றங்கரை அந்த நிலைக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நூறாண்டுக்கும் மேலாக இங்கே கைத்திறன் இருக்கிறது. அது சாலையோடு வந்ததல்ல. ஓசூருக்கும் ஒரு வழி தெரிகிறது. பெங்களூரைச் சுற்றிப் போடப்படும் துணைநகர வட்டச் சாலை முடிந்தால் இங்கிருந்து ஹொஸ்கோட்டைக்கு நேரே போகலாம். தப்பஸ்பேட்டை–ஹொஸ்கோட்டைப் பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டுவிட்டது. ஆம்பூருக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த ஏற்றுமதிக்காரரின் கண்டெய்னர் புதிய சாலையில் ஏறவேண்டுமானால் வாலாஜாபேட்டை வரை 70 கிலோமீட்டருக்கு மேல் பழைய சாலையிலேயே வந்தாக வேண்டும். ஆலங்காயத்துப் பெண்களின் வேனுக்குப் புதிய சாலை பயன்படவே படாது. பழைய சாலையின் பராமரிப்பும், அதன் பக்கச் சாலைகளும், விளக்குகளும், அதில் நின்று போகும் பேருந்துகளும்தான் அவர்களுடைய பிழைப்பு.

வாலாஜாபேட்டையில் விரைவுச்சாலைக்கும் பழைய சாலைக்கும் இடையே தாராளமான இணைப்பும், அங்கே லாரிப் பேட்டையும் சரக்குக் கிடங்கும் அமைக்க நிலம் இப்போதே எடுத்து வைக்கவேண்டும். சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி மனை விலை எப்படி ஏறியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாலை திறந்த மறுவருடம் இரண்டு பக்கமும் பிளாட் போட்டுக் கொடி நட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓர் இணைப்புச் சாலைக்குப் பத்தடி நிலம் கேட்டாலும் வழக்கு பத்து வருடம் ஓடும்.